ஐந்தே நிமிஷத்தில் பயம் போகுமா?

கரப்பான் பூச்சியைக் கண்டால் கட்டில் மேல் ஏறிக்கொள்கிற பெண்கள் நம் வீடுகளில் நிறையப் பேர். பல்லி, இடி, இருட்டு இவற்றுக்குப் பயந்தாலும் யாரும் அதிசயப்படுவதில்லை. ஆனால் சட்டையில் தைத்திருக்கும் பட்டனைப் பார்த்தால் உடம்பெல்லாம் கூசுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? தாமரைக்காயில் நெருக்கமாக இருக்கும் பொத்தல்களைப் பார்த்தால் சிலருக்குக் குமட்டும். சிலருக்குப் பலூன் என்றால் நடுக்கம். எப்போது வெடிக்குமோ என்று பிறந்த நாள் விழாவுக்கே போக மாட்டார்கள். 13 என்ற எண்ணுக்குப் பயப்படுகிறவர்களை உத்தேசித்து மேல்நாட்டு ஹோட்டல்கள் பலவற்றில் 12-வது மாடிக்கு அடுத்தது 14-வது மாடிதான்!

கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். அனுபவிக்கிறவர்களுக்கு அது சிரிப்பில்லை. நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், கை கால் வெலவெலத்துப் போகும். 'பயப்பட ஒன்றுமே இல்லை' என்று அவர்களுக்கே தெரியும். தெரிந்தும் உடம்பு கேட்காது. வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே சொல்லவும் மாட்டார்கள். இந்த வெட்கத்தைக் காசாக்கத் தெரிந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் செய்வது என்ன, நிஜமான வைத்தியம் எது என்று தெரிந்து வைத்துக்கொண்டால் நாம் ஏமாற வேண்டாம் அல்லவா?

பெயர் வைப்பது சுலபம்

இப்படிக் காரணமில்லாமல் வருகிற கடும் பயத்தை டாக்டர்கள் 'போபியா' என்கிறார்கள். கிரேக்க மொழியில் பயத்துக்கு 'போபோஸ்' என்று பெயர். எந்தப் பொருளைக் கண்டு பயமோ, அதன் கிரேக்கப் பெயரோடு 'போபியா'வை ஒட்டிவிட்டால் ஒரு புதுப் 'போபியா' தயார்! வேர்க்கடலை வெண்ணெய் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயத்துக்குக்கூட 'அரக்கிபூட்டிரோபோபியா' என்று வாய் நுழையாத பெயர் ஒன்று உண்டு. இப்படி நூற்றுக்கணக்கான பெயர்கள். பல, வேடிக்கைக்காக உண்டாக்கியவை.

டாக்டர்களோ இத்தனை பெயர்களை வைத்துக்கொண்டு திண்டாடுவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இந்தப் பயங்களை ஐந்தே வகையாகப் பிரிக்கிறது. பிராணிகள், இடி, உயரம், தண்ணீர் போன்ற இயற்கை விஷயங்கள், ரத்தம், ஊசி, காயம், லிப்ட், விமானம் மாதிரி இடங்கள், மற்றவை. பட்டனும் பலூனும் கடைசி வகையில் அடக்கம். வைத்தியமும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஆகவே, "உங்கள் போபியாவுக்கென்றே தனி வைத்தியம் வைத்திருக்கிறோம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே கொஞ்சம் உஷாராகிவிட வேண்டும்.

கண்ணுக்குக் கீழே தட்டிய கதை

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் ரோஜர் காலஹன் என்று ஒரு மனோதத்துவ நிபுணர் இருந்தார். சுமார் 1980-ல் அவரிடம் மேரி என்ற பெண் வந்துகொண்டிருந்தாள். தண்ணீர் என்றால் அவளுக்கு அப்படி ஒரு பயம். ஒரு வருஷத்துக்கு மேல் வைத்தியம் செய்தும் பெரிய முன்னேற்றம் இல்லை. ஒரு நாள் அவள், "தண்ணீரை நினைத்தாலே வயிற்றில் என்னவோ செய்கிறது" என்றாளாம். சீன அக்குபங்சர் முறையில் வயிற்றுக்கான நாடி கண்ணுக்குக் கீழே இருப்பதாகக் காலஹன் படித்திருந்தார். அந்த இடத்தில் விரலால் தட்டச் சொன்னார். உடனே பயம் போய், அவள் நீச்சல் குளத்தை நோக்கி ஓடினாள் என்று அவரே பின்னால் எழுதினார்.

அவ்வளவுதான், ஒரு வியாபாரம் பிறந்துவிட்டது! 1985-ல் 'ஐந்து நிமிஷத்தில் போபியா குணம்' என்ற பொருளில் புத்தகமே போட்டுவிட்டார். பயத்தை மனதில் நினைத்துக்கொண்டே கண்ணுக்குக் கீழே, கக்கத்துக்குக் கீழே, காறை எலும்புக்குப் பக்கத்தில் என்று வரிசையாகத் தட்ட வேண்டும். நடுவில் புறங்கையைத் தட்டிக்கொண்டே கண்ணை உருட்ட வேண்டும், ஒரு பாட்டை முணுமுணுக்க வேண்டும், ஒன்று இரண்டு எண்ண வேண்டும்.

இதற்கும் மேலே ஒரு படி போனார். நோயாளியின் குரலை டெலிபோனில் கேட்டே எங்கே தட்டுவது என்று கண்டுபிடிக்கும் ரகசிய முறை தம்மிடம் உண்டு என்றார். அதைக் கற்றுக்கொள்ளக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? 1,00,000 டாலர்!

குணமாகவில்லை என்றால்? அதற்கும் பதில் தயாராக இருந்தது. "உடம்பில் சக்தி தலைகீழாக ஓடுகிறது", "நீங்கள் சாப்பிட்ட கோதுமையோ சோளமோ உங்களுக்கு விஷமாகிவிட்டது" என்பார்கள். குணமானால் புகழ் வைத்தியத்துக்கு, ஆகாவிட்டால் பழி நோயாளிக்கு. இந்த மாதிரிக் கணக்கில் வைத்தியர் தோற்கவே முடியாது, பார்த்தீர்களா?

பொம்மையைத் தட்டினாலும் பலன்

2003-ல் கனடாவில் 119 கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. காலஹனின் சீடர் ஒருவர் எளிமைப்படுத்திய தட்டும் முறையை ஒரு கூட்டத்துக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்னொரு கூட்டம் வேண்டுமென்றே வேறு இடங்களில் தட்டிக்கொண்டது. மூன்றாவது கூட்டத்தின் கையில் பொம்மையைக் கொடுத்து, அதைத் தட்டச் சொன்னார்கள். நாலாவது கூட்டம் சும்மா இருந்தது. சும்மா இருந்தவர்களைத் தவிர மற்ற மூன்று கூட்டத்துக்கும் பயம் குறைந்தது! அப்படியானால் நாடியாவது, சக்தியாவது?

டெலிபோன் ரகசியத்தின் குட்டும் உடைந்தது. அந்த முறையைக் கற்றுத் தேர்ந்த மோனிகா பிக்னோட்டி என்ற பெண்மணிக்கே பிற்பாடு சந்தேகம் வந்தது. 66 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ரகசிய முறைப்படியும், மீதிப் பேருக்குக் கண்டபடி வந்த வரிசையிலும் தட்டச் சொன்னார். இரண்டு கூட்டத்திலும் 97 சதவீதம் பேர் சரியாகிவிட்டது என்றார்கள். கற்றுக்கொண்ட வித்தையே பொய்யாகிப் போனதை ஒளிக்காமல் 2005-ல் வெளியிட்டார். அந்த அம்மாளின் தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

1998-ல், கெட்ட பழக்கங்களை விரட்டும் என்று சொல்லி விற்ற இன்னொரு சரக்கின் விளம்பரத்துக்காக, அமெரிக்க அரசின் வர்த்தகக் கமிஷன் காலஹன் மீது நடவடிக்கை எடுத்தது. அவர் 50,000 டாலர் கட்ட நேர்ந்தது. 2013-ல் அவர் காலமாகிவிட்டார். ஆனால் தட்டும் வகுப்புகள் நிற்கவில்லை. நம் நாட்டிலும் நடக்கின்றன.

"சிலருக்காவது குறைகிறதே, இருந்துவிட்டுப் போகட்டுமே" என்று கேட்கலாம். தட்டுகிறபோது என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். பயத்தை நினைக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை, பக்கத்தில் ஒருவர் அன்பாகப் பேசுகிறார். கொஞ்சம் குறையாமல் என்ன செய்யும்? பலன் தந்தது அந்தப் பழக்கம். கட்டணம் வாங்கியது 'சக்தி'!

முயலுக்குப் பயந்த பீட்டர்

அந்தப் பழக்கத்தை முறையாகச் செய்து காட்டியவர் ஒரு பெண்மணிதான். மேரி கவர் ஜோன்ஸ் என்பவர் 1924-ல் இதைப் பற்றி எழுதினார். பீட்டருக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. முயலைக் கண்டால் அலறுவான். பஞ்சு, கம்பளி எதைக் கண்டாலும் பயம். ஜோன்ஸ் அம்மாள் என்ன செய்தார்? அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து உட்கார வைத்து, கூண்டில் இருந்த முயலைத் தூரத்தில் வைத்தார். அவன் அழாத தூரம்தான் கணக்கு. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்தார். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்தான், தன் விரலை அது கொறிக்கவும் விட்டான்!

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கு நன்றாகப் பொருந்தும். இன்றும் மனநல மருத்துவர்கள் நம்பிச் செய்வது இந்த வழியைத்தான். முதலில் படம், பிறகு தூரத்தில் நிஜப் பொருள், பிறகு பக்கத்தில், கடைசியில் தொடுவது. ஸ்வீடன் நாட்டு நிபுணர் லார்ஸ் யோரான் ஓஸ்ட், ஒரே உட்காரலில், மூன்று மணி நேரத்துக்குள், இப்படிப் படிப்படியாகப் பழக்கிப் பலரைத் தேற்றலாம் என்று 1989-ல் எழுதினார். மாயமில்லை, மந்திரமில்லை, ரகசியமுமில்லை.

ஊசி என்றால் மயக்கம்

மற்றப் பயங்களில் பொதுவாக ஆள் மயங்கி விழுவதில்லை. ரத்தம், ஊசி பயத்தில் மட்டும் நெஞ்சு முதலில் வேகமாக அடித்து, பிறகு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரும். இது குடும்பத்தில் தொடர்ந்தும் வருவதுண்டு.

என் ஒன்றுவிட்ட அக்காவின் மகள் இப்படித்தான். நாலாவது மாதம், ரத்தப் பரிசோதனைக்கே போகமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "ஊசின்னு சொன்னாலே கண்ணை இருட்டிக்கிட்டு வருது சித்தி" என்று அழுதாள். மாமியாரோ, "நாங்கள்லாம் பெத்துக்கலையா? இது ஒரு வியாதியா?" என்றார். விளம்பரம் பார்த்து ஓர் இடத்தில் விசாரித்தால், "மூணு தடவை வாங்க, 15,000 ரூபாய், கேரண்டி" என்றார்கள். படிப்பு என்ன என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. பணம் போனால் போகிறது. பரிசோதனை தள்ளிப் போனால் தாய்க்கும் சேய்க்கும் அல்லவா ஆபத்து? ரத்தசோகை, சர்க்கரை, ரத்த வகை எல்லாம் அந்த ஒரு ஊசியில்தானே தெரிய வேண்டும்!

அரசு ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் கூச்சப்படாமல் சொன்னோம். "இதுக்கா பயந்தே? படுத்துக்கோம்மா" என்று படுக்கவைத்தே ரத்தம் எடுத்தார். மயக்கம் வரவில்லை. மனநலப் பிரிவு டாக்டர் அம்மா உடம்பை இறுக்கும் பயிற்சி ஒன்று சொல்லித் தந்தார். காசு வாங்கவில்லை.

அந்தப் பயிற்சி இதுதான்: உட்கார்ந்துகொண்டு கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்க வேண்டும். முகத்தில் லேசாகச் சூடு ஏறும். பிறகு 20, 30 விநாடி தளர்த்தி, மறுபடி இறுக்க வேண்டும். இப்படி ஐந்து முறை. ரத்த அழுத்தம் இறங்காமல் இருக்க இது உதவும். ஊசி குத்தும் கையை மட்டும் தளர்த்தி வைக்க வேண்டும். கர்ப்பிணிகளும் ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொண்டே செய்ய வேண்டும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியது

* சின்னக் குழந்தைகள் இருட்டுக்கும் இடிக்கும் மிக்ஸி சத்தத்துக்கும் பயப்படுவது சகஜம். பெரும்பாலும் தானே போய்விடும். "பூச்சாண்டியிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்" என்று மட்டும் மிரட்டாதீர்கள்.
* பயப்படும் பொருளைத் திடீரென்று மேலே போட்டு 'பயம் தெளிவிக்க' வேண்டாம். அதனால் பயம் கூடத்தான் செய்யும். கேலி செய்வதும் கூடாது.
* அந்தப் பொருளை அடியோடு ஒளித்தும் வைக்காதீர்கள். ஒதுங்க ஒதுங்கப் பயம் வளரும். பீட்டரின் முயலை நினைத்துக்கொள்ளுங்கள்.
* ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, பள்ளிக்கோ ஆஸ்பத்திரிக்கோ வெளியிடங்களுக்கோ போக முடியாமல் தடுத்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைப் பாருங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எப்போது வேண்டுமானாலும் இலவசமாகப் பேசலாம்.
* கேரண்டி, ரகசிய முறை, முழுப் பணமும் முன்கூட்டியே, குணமாகாவிட்டால் உங்கள் மேல் பழி: இந்த நாலில் ஒன்று இருந்தாலும் கைப்பையைத் திறக்காதீர்கள். என்ன படித்திருக்கிறார், எத்தனை தடவை வர வேண்டும், என்ன செய்யப் போகிறார் என்று கேளுங்கள். முறையாகப் படித்தவர் கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்வார்.

உங்கள் வீட்டில் யாராவது பட்டனுக்கோ பலூனுக்கோ பயந்தால், முதலில் சிரிக்காமல் காது கொடுத்துக் கேளுங்கள். வெளியே சொல்ல முடிந்துவிட்டாலே, ஏமாற்றுக்காரர்களைத் தேடிப் போகும் அவசியம் பாதி குறைந்துவிடும்.