உறைந்த எண்ணெயும் சீயக்காயும்

கொடைக்கானலில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் பெரும்பாலான நாட்களில் ஒரு சொட்டும் விழாது. 24 டிகிரி வாக்கில் உறையும் எண்ணெய் அது. ஊரோ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி இளக்கித்தான் தலையில் வைக்க வேண்டும். ஷாம்பூவை விட்டுச் சீயக்காய்க்கு மாற நினைக்கும் மலைக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பாட்டிலைத்தான்.

ஏனென்றால் சீயக்காய் தனியாகப் புழங்கிய பொருள் இல்லை. எண்ணெய்க் குளியலின் மறுபாதி அது. எண்ணெயே காணாத தலையில் சீயக்காயைக் கெட்டியாகக் குழைத்துத் தேய்த்தால் முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிடும். "எனக்கு ஒத்துக்கவே இல்லை" என்று கைவிடுகிறவர்கள் பலர் செய்த தவறு இதுதான். மலையில் இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கும். நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு ஆறிய தண்ணீரில் அலசுவார்கள். எண்ணெய் முடியிலேயே உறைந்து மெழுகாக ஒட்டிக்கொள்ளும். எத்தனை கைப்பிடி தூள் போட்டாலும் போகாது. மலைக்கு நல்லெண்ணெய்தான் தோது, குளிரில் உறையாது. அதிலும் இரண்டு கரண்டி வேண்டாம், இரண்டு ஸ்பூன் போதும்.

சீயக்காய் அழுக்கை எப்படி எடுக்கிறது? அதிலுள்ள சப்போனின் என்ற பொருளுக்கு ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை எண்ணெயோடு சேரும். எண்ணெயைப் பிடித்துக்கொண்டு தண்ணீரோடு போய்விடும். சோப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் சோப்பு காரத்தன்மை உள்ளது. உப்புத் தண்ணீரில் சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகப் படியும். சீயக்காய்ச் சாறு லேசான புளிப்புத் தன்மை கொண்டது, அப்படிப் படியாது. நுரை மட்டும் குறைவு. நுரைதான் சுத்தம் என்று நமக்குப் பழக்கியது விளம்பரம்.

அந்தப் பழக்கத்தை வீடுதோறும் கொண்டுபோனதில் தமிழ்நாட்டுக்கே பெரும் பங்கு உண்டு. ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனையைப் பரப்பியவர் கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். அவர் நிறுவனமே பிறகு மீரா என்ற பெயரில் சீயக்காய்த் தூளையும் பாக்கெட்டில் விற்றது வேடிக்கைதான்.

சீயக்காய் ஒரு முட்கொடி. பழனி மலையின் கீழ்ச் சரிவுக் காடுகளில் மரங்களைப் பற்றி ஏறும். கொடைக்கானல் பக்கம் "சீகை" என்று காட்டப்படும் மரத்தைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். அது தோல் பதனிடும் பட்டைக்காக வளர்க்கப்பட்ட ஆஸ்திரேலிய வாட்டில். அதன் காய் தலைக்கு ஆகாது. உண்மையான காயைக் காட்டில் சேகரித்து வருபவர்களில் பளியர் பழங்குடிகள் முக்கியமானவர்கள். சிறு வனப்பொருள் சேகரிக்கும் பழங்குடிகளின் உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஏற்கிறது. மற்றவர்கள் சரணாலயத்துக்குள் போய்ப் பறிக்காமல் வாங்கிக்கொள்வதே முறை.

அரப்பு கீழ்நாட்டுச் சரக்கு. உசில் மர இலையைக் காயவைத்து இடித்த பச்சைத் தூள் அது. உசிலம்பட்டியின் பெயரிலேயே அந்த மரம் நிற்கிறது. சீயக்காயைவிட வழவழப்பு, முடிக்குக் குளிர்ச்சி. பூந்திக்கொட்டைக்கு மூன்றிலும் நுரை அதிகம், வறட்டும் குணமும் அதிகம். அதைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சமவெளியில் வழக்கம், எல்லாவற்றையும் மொட்டைமாடியில் காயவைத்து மில்லில் அரைப்பது. ஒரு கிலோ சீயக்காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறு, நூறு கிராம் வெந்தயம், ஒரு கைப்பிடி பூந்திக்கொட்டைத் தோல், காய்ந்த செம்பருத்திப்பூ என்று வீட்டுக்கு வீடு கணக்கு மாறும். மலையில் மூட்டம் இறங்கும் ஊரில் இது சரிப்படாது. சரியாகக் காயாத தூள் டப்பாவுக்குள்ளேயே கட்டி கட்டிப் பூசணம் பிடிக்கும். வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது அரைத்துக் கொண்டுவரலாம். என்னைக் கேட்டால் மலைக்குத் தூளைவிடச் சாறுதான் நல்லது. தூள் முடிக்குள் சிக்கும். அதை அலச இரண்டு வாளி வெந்நீர் வேண்டும்.

தோள்வரை முடிக்கு ஏழெட்டுச் சீயக்காய், விதை நீக்கிய மூன்று பூந்திக்கொட்டை, ஒரு ஸ்பூன் வெந்தயம். இரவே ஊறப்போட்டு, காலையில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் கையால் பிசைந்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். நாலைந்து செம்பருத்தி இலையைக் கசக்கிச் சேர்த்தால் முடி சிக்காது. கை பொறுக்கும் சூட்டில் தலைத்தோலில் படும்படி ஊற்றித் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். கண்ணை இறுக மூடிக்கொள்ள வேண்டும், சீயக்காய் கண்ணில் பட்ட தீபாவளிகளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பிற்பகல் மூட்டத்துக்குள் முடி உலர்ந்துவிட வேண்டும். மிச்சச் சாறு இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும். (பழனிக்கு இறங்கி முடி இறக்கிச் சந்தனம் பூசி வந்தவர்கள் இந்தப் பத்தியை ஆறு மாதம் கழித்துப் படிக்கலாம்.)

வெளிநாட்டுப் பழக்கம் பார்த்துச் சிலர் சமையல் சோடாவைக் கரைத்துத் தலையில் தேய்க்கிறார்கள். அது காரம், முடியின் மேல்செதிலைத் தூக்கிவிட்டு, நாளடைவில் முடியை முறிக்கும். எலுமிச்சைச் சாற்றைத் தலையில் தடவிக்கொண்டு வெயிலில் நிற்பதும் ஆபத்து. எலுமிச்சையும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்து கறுக்கும். உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிரும் கூடும் என்பதால் கொடைக்கானலின் குளுகுளு வெயிலை நம்பக் கூடாது.

சீயக்காய் இயற்கைப் பொருள் என்பதால் ஓடையில் உட்கார்ந்து தேய்த்துக் குளிக்கலாம் என்று பொருளில்லை. சப்போனின் மீனின் செவுளைத் தாக்கும். பூந்திக்கொட்டையை இடித்துக் குட்டையில் கலக்கி மீன் பிடிப்பது பழைய வித்தை. குளித்த தண்ணீரை வாய்க்கால் வெட்டிச் சவ்சவ் பந்தல் பக்கம் திருப்பிவிடுங்கள்.