எட்டு போட்டால் போதுமா?

டூவீலர் லைசென்ஸ் எடுக்க யாரிடம் யோசனை கேட்டாலும், "கால் ஊன்றாமல் எட்டு போடு, போதும்" என்பார்கள். காருக்கென்றால் மைதானத்தில் கொஞ்ச தூரம் முன்னே ஓட்டி, ரிவர்ஸ் எடுத்துக் காட்ட வேண்டும். சில நிமிட வேலை. அந்தப் பயிற்சியோடு நான்குவழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே ஏறிவிடுகிறோம். 2022-இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் இறந்தார்கள். அதற்கெல்லாம் இந்தத் தேர்வே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், ஒருவருக்கு ஓட்டத் தெரியுமா என்று அரசு நேரில் பார்க்கிற வாய்ப்பு பெரும்பாலும் வாழ்நாளில் இது ஒன்றுதான். அதை வீணாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

சட்டத்தில் குறை இல்லை. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆவது விதி நீண்ட பட்டியல் ஒன்றைத் தருகிறது. செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மீண்டும் எடுக்க வேண்டும். இறக்கத்தில் கியரைக் குறைக்க வேண்டும். முந்துவதும், முந்த வருகிறவருக்கு வழிவிடுவதும், சிக்னல் காட்டித் தடம் மாறுவதும், அவசரத்தில் நிறுத்துவதும் அதில் உண்டு. போலீஸோ விளக்கோ இல்லாத இடத்தில் சாலையைக் கடப்பவருக்கு முன்னுரிமை தருகிறாரா என்பதையும் பார்க்கச் சொல்கிறது. எட்டு அந்தப் பட்டியலில் இல்லை! மைதானத்துக்குள் இவற்றில் பாதியைக்கூடச் சோதிக்க முடியாது.

அநியாயம் நேர்வதும் இந்த இடைவெளியில்தான். எதைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள் என்பது தெரியாதபோது, "ஸ்கூல் மூலம் போனால் பாஸ், தனியாகப் போனால் இழுத்தடிப்பார்கள்" என்ற பேச்சை மக்கள் நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் இடைத்தரகர் பிழைக்கிறார். தனியாகப் போக உங்களுக்கு முழு உரிமை உண்டு. எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழிந்திருக்க வேண்டும். அதன் ஆயுளான ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது. எந்த வகை உரிமம் கேட்கிறீர்களோ அந்த வகை வண்டி, நல்ல நிலையில் இருந்தால் சரி. மத்திய விதிகளின்படி தேர்வுக் கட்டணம் ஒரு வண்டி வகைக்கு 300 ரூபாய், உரிமத்துக்கு 200 ரூபாய். ரசீது இல்லாமல் கேட்கப்படும் பணம் அரசுக்குப் போவதில்லை.

தேறாவிட்டால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருந்து, ஓட்டுநர் பள்ளியில் மறுபயிற்சியும் முடிக்க வேண்டும். ஆகவே முதல் தடவையே "எதில் தவறினேன்?" என்று பிரேக் இன்ஸ்பெக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். உரிமம் தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. அந்த ஆணை கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தேர்வுப் பதிவின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம்.

லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ காவல் துறையிடமோ தெரிவித்துவிட்டால் சட்டம் அவரைக் காக்கிறது. இந்தக் கெடுவை அறியாமல் எத்தனையோ பேர் பயந்து வாய்மூடிவிடுகிறார்கள்.

"எங்களிடம் சேர்ந்தால் டெஸ்டே கிடையாது" என்ற விளம்பரத்தை உடனே நம்பிவிடாதீர்கள். 2021 விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களின் சான்றிதழுக்கு மட்டுமே அந்த விலக்கு உண்டு. கார் போன்ற இலகு ரக வாகனத்துக்கு அங்கே 29 மணி நேரப் பயிற்சி. தெருமுனைப் பள்ளி எல்லாம் அந்த வகையில் சேராது.

லைசென்ஸ் வரும்வரை பொறுக்காமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் அதைத் திரும்ப வசூலிக்க வழியுண்டு. தம்பிக்குச் சாவியைக் கொடுத்த அண்ணன் வீட்டை விற்க நேரலாம்.

கேரளத்தில் 2024-இல் தேர்வைக் கடுமையாக்க முனைந்தபோது ஓட்டுநர் பள்ளிகள் போராட்டத்தில் இறங்கின. இங்கும் எதிர்ப்பு வரும். அதனால் பொதுமக்கள் தரப்பிலிருந்து கோரிக்கை எழ வேண்டும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளிலோ, 1100 என்ற எண்ணிலோ முறையிடலாம். "தேர்வு சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், விதி 15-ஐக் குறிப்பிட்டு, அதில் உள்ளவற்றில் உங்கள் ஊர் அலுவலகத்தில் எவை சோதிக்கப்படுவதில்லை என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொடுங்கள்.