மண் பாதைக்கு லேசான சைக்கிள்: பிரேக்கைப் பார்த்து வாங்குங்கள்!

பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பல்லாரி சாலையோரம் நின்றால், நந்தி மலையை நோக்கிச் சைக்கிள்கள் சாரிசாரியாகப் போவதைக் காணலாம். பெரிய கம்பெனி என்ஜினீயர்கள் மட்டும்தான் போகிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பீன்யா பட்டறைகளில் வேலை பார்க்கும் நம்மவர்களும், ஆபீஸ் குமாஸ்தாக்களும், கல்லூரியில் படிக்கும் அவர்கள் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு. தார்ச் சாலை அலுத்தவர்கள் மண் பாதையில் இறங்குகிறார்கள். ஏரிக்கரை, தோப்பு, பாறை, செம்மண் சரிவு என்று இருபது முப்பது கிலோமீட்டர் சுற்றி வருவதற்குத்தான் 'கிராஸ் கன்ட்ரி' என்று பெயர். இதற்கு ஏற்ற லேசான மலைச் சைக்கிள் வாங்க, மாதச் சம்பளக்காரர் ஒருவர் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேலேயே எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. பணம் போனால் மறுபடி சம்பாதிக்கலாம். சரிவில் பிரேக் பிடிக்கவில்லையென்றால்?

மலைச் சைக்கிளின் கதையே பிரேக்கில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள மரின் மாவட்டத்தில், 1976-ம் ஆண்டு சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களைத் தேடிப்பிடித்து ஒரு மலைப்பாதையில் போட்டி போட்டு இறங்கினார்கள். மூன்று கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான தூரத்தில் சுமார் 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக் அது. கீழே வந்து சேர்வதற்குள் பின் சக்கரக் குடத்துக்குள் இருக்கும் கிரீஸ் முழுவதும் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் குடத்தைக் கழற்றிப் புது கிரீஸ் அடைத்தாக வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு 'ரீபேக்' என்று பெயர். பாதைக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சரியாக இருபது ஆண்டு கழித்து, 1996-ல், அட்லாண்டா ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரி சைக்கிள் பந்தயம் முதன்முதலாக இடம் பெற்றது.

கட்டையா, தட்டா?

இன்று கடையில் கிடைப்பவை மூன்று வகை. ரிம்மைக் கட்டை பிடிக்கும் வி-பிரேக் ஒன்று. குடத்தில் பொருத்திய இரும்புத் தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கில், கேபிளால் இயங்குவது ஒன்று, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் ஒன்று.

வி-பிரேக்கை இன்றைய பிள்ளைகள் ஏளனமாகப் பார்க்கிறார்கள். அது நியாயமில்லை. மூன்றிலும் எடை குறைந்தது அதுதான், விலையும் குறைவு. கட்டை தேய்ந்தால் தெருமுனை மெக்கானிக் ஐந்து நிமிஷத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார். காய்ந்த மண்ணில் நன்றாகவே பிடிக்கும். அதன் எதிரி மழை. ஜூன் முதல் அக்டோபர் வரை நம் பக்கத்துச் செம்மண் குழம்பு ரிம்மில் ஒட்டிக்கொண்டு, உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்தது போல அலுமினிய ரிம்மை அரித்துவிடும். பல ரிம்களில் தேய்மானம் காட்டும் கோடு ஒன்று வெட்டியிருக்கும். அது மறைந்துவிட்டால் ரிம்மை மாற்றியே தீர வேண்டும். தேய்ந்த ரிம் காற்றழுத்தத்தில் வெடித்துப் பிளக்கும். குரோமியம் பூசிய இரும்பு ரிம்மோ ஈரம் பட்டால் பிடிக்கவே பிடிக்காது. பழைய சைக்கிளில் மழையில் போனவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

டிஸ்க் பிரேக்குக்குத் தட்டு மேலே இருப்பதால் சேறு எளிதில் எட்டாது, ரிம்மும் தேயாது. ஆனால் 'டிஸ்க்' என்ற பெயரைக் கேட்டதுமே மயங்கிவிடக்கூடாது. மலிவு விலைச் சைக்கிள்களில் வருவது கேபிள் டிஸ்க். அதில் பெரும்பாலும் ஒரு பக்கத்துக் கட்டை மட்டுமே நகர்ந்து, தட்டை வளைத்து மறுபக்கக் கட்டையோடு அழுத்தும். கட்டை தேயத் தேய நாமே திருகி நெருக்கிக்கொண்டிருக்க வேண்டும். மறந்தால் ஒருநாள் லீவர் ஹேண்டில்பாரைத் தொடும், சைக்கிள் நிற்காது. மட்டமான கேபிள் டிஸ்க்கை விட நல்ல வி-பிரேக் மேல் என்பதே என் கருத்து.

கையில் கொஞ்சம் கூடுதலாகப் பணம் இருந்தால், ஆரம்ப நிலை ஹைட்ராலிக்குக்கே போய்விடுவது நல்லது. ஒரு விரலால் அழுத்தினால் போதும். தேய்மானத்தை அதுவே சரிசெய்து கொள்ளும். வாங்கும் முன் அதில் என்ன எண்ணெய் என்று கேட்டுக் கொள்ளுங்கள். ஷிமானோ, டெக்ட்ரோ போன்றவை மினரல் ஆயில் பயன்படுத்துகின்றன. வேறு சிலவற்றில் கார்களுக்கு ஊற்றும் டாட் திரவம். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் கெட்டுவிடும். டாட் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்; பெயின்ட்டில் பட்டால் அதையும் அரிக்கும். நம்மைப் போல ஒற்றை அறையில் சைக்கிளை நிறுத்துகிறவர்களுக்கு மினரல் ஆயில் வம்பில்லாதது.

தட்டின் அளவு 160 மில்லிமீட்டர் போதும். எண்பது கிலோவுக்கு மேல் எடையுள்ளவர் முன்பக்கம் மட்டும் 180 போட்டுக் கொள்ளலாம். கூடும் எடை சில பத்து கிராம்தான். ஆனால் ஃபோர்க் அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். கட்டைகளில் ரெசின் சத்தமில்லாதது, ஆனால் சேற்றில் சீக்கிரம் கரையும். உலோகக் கட்டை நீண்ட நாள் உழைக்கும், கொஞ்சம் கத்தும். மலிவான சில தட்டுகளில் 'ரெசின் கட்டை மட்டும்' என்று பொறித்திருக்கும். அதில் உலோகக் கட்டையைப் போடக்கூடாது. செயினுக்கு எண்ணெய் விடும்போது ஒரு துளி தட்டில் பட்டாலும் போச்சு. கட்டை எண்ணெயைக் குடித்துவிடும், பிடிப்பு போய்விடும்.

எடை எங்கே ஒளிந்திருக்கிறது?

ஊரில் அப்பா ஓட்டிய ஹெர்குலிஸ் சுமார் இருபது கிலோ. மலிவான மலைச் சைக்கிளும் பதினைந்து, பதினாறு கிலோவுக்குக் குறையாது. நல்ல கிராஸ் கன்ட்ரி சைக்கிள் பத்திலிருந்து பன்னிரண்டு கிலோவுக்குள் நிற்கும். இந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு முன் ஃபோர்க்கில் இருக்கிறது. ஸ்பிரிங் வைத்த மலிவு ஃபோர்க் ஒன்றே இரண்டரை கிலோ வரும். குலுக்கலையும் ஒழுங்காகத் தாங்காது. காற்று அடைத்த நல்ல ஃபோர்க் ஒன்றரை முதல் இரண்டு கிலோவுக்குள் அடங்கும். அதற்குப் பணமில்லையென்றால் ஸ்பிரிங்கே இல்லாத ஃபோர்க்கோடு ஓட்டுவதே மேல். நல்ல ஃபோர்க்கைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர், ஃபிரேமின் தலைக்குழாய் அடியில் அகன்று மேலே குறுகி இருக்கிறதா என்று இப்போதே பார்க்க வேண்டும். இன்று வரும் நல்ல ஃபோர்க்குகள் பெரும்பாலும் அந்த வகைக் குழாய்க்கே பொருந்தும். டிஸ்க் மாட்டும் இடம் ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் இல்லையென்றால், பின்னால் டிஸ்க் ஆசை வந்து பயனில்லை. குடமும் மாற்ற வேண்டிவரும்.

அடுத்தது சக்கரம். சுழலும் எடையை ஒவ்வொரு முறை வேகம் எடுக்கும்போதும் நம் கால்தான் தள்ள வேண்டும். கம்பி விளிம்பு டயருக்குப் பதில் மடக்கும் டயர் போட்டாலே ஒவ்வொன்றிலும் ஐம்பது, நூறு கிராம் குறையும். முள் நிறைந்த பாதையென்றால், டியூப் இல்லாமல் ஒட்டும் திரவம் ஊற்றி ஓட்டுவது எடைக்கும் நல்லது, பஞ்சருக்கும் நல்லது. '29 அங்குலம்' என்ற பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் ரிம் விட்டம் 622 மில்லிமீட்டர். அப்பாவின் 28 அங்குல சைக்கிளுக்கோ 635! தடித்த டயரையும் சேர்த்து அளப்பதால் வந்த கணக்கு இது. ஆகவே எண்ணை நம்பி டயர் வாங்கிவிடாதீர்கள்.

பின் குடத்தில் திருகி மாட்டும் பிரீவீலை விட கேசட் வகை நல்லது. பிரீவீலில் வலப்பக்கத்து பால்ரஸ் உள்ளே தள்ளி இருப்பதால் குழியில் விழுந்தால் அச்சு வளையும். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் பத்து முதல் பன்னிரண்டு என்பது இப்போதைய வழக்கம். முன் கியர் மாற்றியும் அதன் லீவரும் கேபிளும் மிச்சம், பழுதும் குறைவு. கியர் லீவரும் பின் கியர் மாற்றியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். டைட்டானியம் நட்டு, கார்பன் சீட் கம்பி என்று கடைக்காரர் ஆரம்பித்தால், கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

டெலிவரி எடுக்கும் முன்

எந்த லீவர் எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்று முதலில் பாருங்கள். பிரிட்டிஷ் வழக்கத்தில் வலது கை முன் பிரேக். அமெரிக்க வழக்கத்தில் இடது கை. பழகிய கை மாறிப்போனால் முதல் சரிவிலேயே குப்புற விழ நேரும். மாற்றித் தரச் சொல்லி அங்கேயே கேட்டு வாங்குங்கள். வி-பிரேக் என்றால், லீவரும் வி-பிரேக்குக்கு உரியதுதானா என்று கேளுங்கள். பழைய மாடல் லீவர் கேபிளைக் குறைவாகவே இழுக்கும். கட்டை ரிம்மைச் சரியாக அழுத்துவதற்குள் லீவர் ஹேண்டில்பாரில் போய் இடிக்கும். புது டிஸ்க் முதல் நாளே முழுசாகப் பிடிக்காது. ஆளில்லாத சமதளத்தில் ஓரளவு வேகமாகப் போய், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் வேகத்தைத் தணித்து, இருபது முப்பது தடவை பழக்கிய பிறகே மலைப் பக்கம் எடுத்துச் செல்ல வேண்டும்.