வீட்டு வளவில் வைக்கோற் காளான்

மாரி மழை பெய்து ஓய்ந்த மறுநாட் காலையிற் புற்றடியிலே குடை விரித்து நிற்கும் காளானைப் பறித்துக் கறியாக்கி உண்டவர் நம்முட் பலர். அது கறையான் தன் புற்றினுள்ளே பேணிவரும் பங்கசுத் தோட்டத்தினின்றும் எழுவது. ஆதலாற் கறையானின்றி அதனைப் பயிராக்குதல் எளிதன்று. வைக்கோற் காளானோ எவர் வளவிலும் வளரும். சீன தேசத்தார் நெடுங்காலமாகப் பயிரிட்டுவரும் இக்காளான் 30 முதல் 35 பாகை செல்சியஸ் வரையுள்ள வெப்பத்தை விரும்புவது. பிற காளான்களை வளர்ப்போர் குளிர் தேடி அலைய, இதனை வளர்க்கும் நமக்கு வெயிலே துணை.

காலபோக அறுவடையின்பின் கிடைக்கும் புதிய வைக்கோலே ஏற்றது. மழையில் நனைந்து மக்கியது ஆகாது. அதனைச் சிறு கட்டுகளாகக் கட்டி, ஓரிரவு நன்னீரில் ஊறவிட்டு வடித்தெடுத்தல் வேண்டும். கையாற் பிழியுமிடத்து ஓரிரு துளி மாத்திரம் சொட்டுவதே பதம். பின்னர், நிழலான ஓரிடத்திற் கற்களின்மேற் பலகை பரப்பி, கட்டுகளை நான்கு அடுக்காக அடுக்குக. ஒவ்வோர் அடுக்கின் ஓரத்திலும் காளான் வித்தைத் துண்டு துண்டாக இட்டு, துவரம்பருப்பு மாவைச் சிறிது தூவி, முழுவதையும் பொலித்தீன் தாளால் மூடிவிடலாம். வித்தை நம்பத்தக்க இடத்திலேயே வாங்குதல் வேண்டும். பழைய வித்தினால் வரும் ஏமாற்றத்துக்கு வைக்கோலைப் பழித்துப் பயனில்லை.

ஒரு வாரத்தில் வெண்ணிற இழைகள் எங்கும் படரும். அப்பொழுது தாளை நீக்கி, காற்றும் சிறிது வெளிச்சமும் படவிட்டு, நீரை மெல்லெனத் தெளித்துவரின், வித்திட்ட இரண்டு வாரமளவிற் சிறு மொட்டுகள் தோன்றி முட்டை வடிவெய்தும். உறை கிழியுமுன் பறிப்பதே சுவை. உலர்ந்த வைக்கோல் 10 கிலோவுக்கு ஏறக்குறைய 1 கிலோ காளான் கிடைக்கும். பெரும் இலாபமன்று, ஆயினும் எஞ்சிய வைக்கோல் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நல்ல பசளையாகும். பறித்ததை அன்றே சமைத்துவிடுக. குளிர்ப்பெட்டியில் வைத்தால் இது நீர்விட்டுக் குழைந்து கெடும்.

தாவரவியல் பயிலும் மாணவர் ஒரு காளானை மாத்திரம் விரியவிட்டு, அதன் குடையை வெள்ளைத் தாளிற் கவிழ்த்து ஓரிரவு வைப்பாராயின், இளஞ்சிவப்பு வித்தித்தூள் படிந்திருக்கக் காண்பர். இந்நிறத்தை அறிந்திருத்தல், கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர்க்கு மிக வேண்டியது. அவுஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சிந்தூர மரங்களின் அடியில் மரணக்குடை எனப்படும் கொடிய நச்சுக்காளான் முளைக்கின்றது. இளமையில் அதுவும் முட்டை வடிவினதே. அதன் வித்தித்தூள் வெண்ணிறமானது. எனினும் விரியாத மொட்டில் அச்சோதனை செய்தற்கில்லை. 2011ஆம் ஆண்டின் இறுதி நாளிற் கன்பராவில் நிகழ்ந்த விருந்தொன்றில் இக்காளானை உண்டோருள் இருவர் சில நாட்களில் இறந்தனர். வைக்கோற் காளானென மயங்கியே அதனைப் பறித்தனர் என்று கருதப்பட்டது.

எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்நஞ்சு அழியாது. வெள்ளிக் கரண்டி கறுக்கும், உள்ளி நிறம் மாறும் என நம்மவர் கூறும் சோதனைகள் யாவும் பொய். உண்டு ஆறு மணி நேரமேனும் கழிந்த பின்னரே வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். பின் அவை தணிந்து நோயாளி தேறியவர்போற் காணப்படுவார். அவ்வேளையிலேயே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். ஆகவே ஐயத்துக்குரிய காளானை உண்டவரை, வாந்தி நின்றதென்று வீட்டில் வைத்திராது, எஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.