சொன்னது பலித்ததா?



"இன்னும் ஐம்பது ஆண்டுகளில் விவசாயம் எப்படி இருக்கும்?" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? ரோபோ நாற்று நடும், டிராக்டர் தானே ஓடி உழும் என்று அடுக்குவீர்கள், இல்லையா? நமக்கு முன்னால் வாழ்ந்தவர்களும் இப்படிப் பல கணிப்புகளைச் சொன்னார்கள். எது பலித்தது, எது பொய்த்தது? வாருங்கள், பார்ப்போம்.

காற்றிலிருந்து உரம்

1898ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அறிவியல் மாநாடு நடந்தது. அதில் பேசிய வில்லியம் குரூக்ஸ் என்ற அறிஞர், உலகில் கோதுமைக்குத் தட்டுப்பாடு வரும் என்று எச்சரித்தார். பயிர் செழிக்க நைட்ரஜன் சத்து வேண்டும். அந்தக் காலத்தில் அதற்கான உப்பை, தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டில்தான் வெட்டி எடுத்தார்கள். வெட்ட வெட்ட அது தீர்ந்துபோகும் அல்லவா?

குரூக்ஸ் பயமுறுத்தியதோடு நிற்கவில்லை. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். அதை உரமாக்க வழி காணுங்கள் என்றார். ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909ல் அதை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தார். 1913ல் உற்பத்தி தொடங்கியது. இன்று யூரியா மூட்டை கிடைப்பது இந்த முறையால்தான்!

கோழி இல்லாத கோழிக்கறி

1931ல் வின்ஸ்டன் சர்ச்சில் ஒரு கட்டுரை எழுதினார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், முழுக்கோழியை வளர்க்காமல் நமக்கு வேண்டிய இறைச்சியை மட்டும் தனியே வளர்ப்போம் என்றார். 1981 வந்தது, அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் 2013ல் லண்டனில், ஆய்வுக்கூடத்தில் மாட்டின் செல்களிலிருந்து வளர்த்த இறைச்சியைச் சமைத்துச் சாப்பிட்டுக் காட்டினார்கள். 2020ல் சிங்கப்பூர், இப்படி வளர்த்த கோழி இறைச்சியை விற்க அனுமதி தந்தது. கணிப்பு பலித்தது, கணக்குத்தான் தப்பியது!

இந்தியா பிழைக்காதா?

1967ல் அமெரிக்கச் சகோதரர்களான வில்லியம் பேடக், பால் பேடக் இருவரும் ஒரு நூல் எழுதினார்கள். 1975ல் பெரும் பஞ்சம் வரும். இந்தியாவைக் காப்பாற்ற முடியாது என்றார்கள். அப்போது நமக்குக் கப்பல் கப்பலாக வெளிநாட்டுக் கோதுமை வந்துகொண்டிருந்தது. 1965லும் 1966லும் மழை வேறு பொய்த்தது.

ஆனால் நம் விவசாயிகளும் அறிவியலாரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. உரம் போட்டால் பழைய உயரக் கோதுமை கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். நார்மன் போர்லாக் மெக்சிகோவில் உருவாக்கிய குட்டைக் கோதுமை சாயாது. 1966ல் அந்த விதையில் 18,000 டன் இறக்குமதி ஆனது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் இந்தப் பணியில் முன்னின்றார். 1964-65ல் சுமார் 120 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1967-68ல் சுமார் 165 லட்சம் டன் ஆனது. பேடக் சகோதரர்களின் கணிப்பு பொய்த்தது.

வெற்றி நேரத்தில் ஓர் எச்சரிக்கை

எல்லாரும் மகிழ்ந்திருந்த 1968ல், அதே சுவாமிநாதன் வாரணாசி அறிவியல் மாநாட்டில் வேறொன்று சொன்னார். மண்வளத்தைக் காக்காமல், பூச்சிக்கொல்லியை அளவின்றித் தெளித்து, நிலத்தடி நீரை இஷ்டம்போல் உறிஞ்சினால் ஆபத்து என்றார். இன்று பஞ்சாபில், ஆண்டுதோறும் நிலத்தடியில் சேரும் நீரைவிட அதிகமாக எடுக்கிறார்கள். பலிக்கக் கூடாது என்றே சொன்ன கணிப்பு, பலித்துக்கொண்டிருக்கிறது!

இனி என்ன?

இப்போது வயலில் மருந்து தெளிக்க டிரோன் வந்துவிட்டது. மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு 15,000 டிரோன்கள் வழங்கும் திட்டத்துக்கு 2023ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. ஆனால் எவ்வளவு மருந்து, எவ்வளவு தண்ணீர் என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் மனிதர்கள்தான்.

விவசாயக் கணிப்பு ஜோசியம் அல்ல, குழந்தைகளே. "இப்படியே போனால் இது நடக்கும்" என்று சொல்வதுதான் அது. போகும் வழியை மாற்றினால் முடிவும் மாறும்.

ஒரு நோட்டில், 2050ல் உங்கள் ஊர் வயலும் கிணறும் எப்படி இருக்கும் என்று எழுதுங்கள். அது நல்லதாக இருந்தால், பலிக்க என்ன செய்யலாம்? கெட்டதாக இருந்தால், பொய்க்க என்ன செய்யலாம்? அதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.