மலைக்குளிரில் புஷ்பச் செடிகள்

நீலகிரியிலும் பழனி மலையிலும் உயர்ந்த பாகங்களில் நிலமுள்ளோர் பலர், வீட்டு முற்றத்தில் நாலு புஷ்பச் செடிகள் வைத்து வளர்க்க ஆசைப்படுகின்றனர். பஞ்சாயத்துக் கட்டிடம், பள்ளிக்கூடம் இவற்றின் முன்பும் சிறு பூந்தோட்டம் அமைப்பது வழக்கமாகி வருகிறது. ஆனால் பெரும்பாலோர் முதலில் செடியை வாங்கிவிட்டு, பிறகே அதற்கு இடம் தேடுகின்றனர். வைகாசியில் நட்ட செடிகள் ஐப்பசி வரை தளதளவென்று வளர்ந்து, மார்கழியில் ஒரே இரவில் வெந்நீர் ஊற்றியதுபோல் கருகிவிடுகின்றன. குற்றம் செடியைச் சேர்ந்ததன்று. அது நின்ற இடத்தைச் சேர்ந்தது.

குளிர் வேறு, உறைபனி வேறு என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். ஆயிரம் அடி ஏறுந்தோறும் காற்றின் உஷ்ணம் ஏறக்குறைய 2 டிகிரி சென்டிகிரேட் குறைகிறது. ஆகவே சுமார் 6,000 அடி உயரத்திலுள்ள குன்னூரைவிட, 7,300 அடிக்கு மேலுள்ள உதகமண்டலம் குளிர்ச்சியாக இருப்பது இயல்பே. இந்தக் குளிரை அநேகம் செடிகள் விரும்பவே செய்கின்றன. அவற்றைக் கொல்வது, நவம்பர் முதல் பிப்ரவரி வரை சில இரவுகளில் மட்டும் படியும் உறைபனியாகும்.

மேகமும் காற்றும் இல்லாத இரவில், பகலிற் பெற்ற உஷ்ணத்தை நிலம் ஆகாயத்தில் விட்டுவிடுகிறது. நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமடைந்து, ஜலத்தைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் ஆகிய தாழ்ந்த இடங்கள் விடியற்காலையில் உப்புக் கொட்டியதுபோல் வெளுத்திருக்க, மேலேயுள்ள சரிவுகள் பல பச்சையாகவே இருப்பதற்குக் காரணம் இதுவே. தொட்டபெட்டாவின் சரிவில் 1848-ம் ஆண்டில் மக்ஐவர் என்பவர் அமைக்கத் தொடங்கிய அரசினர் தாவரத் தோட்டத்திலும் தாழ்ந்த புல்வெளியே அதிகம் பாதிக்கப்படுகிறது. உஷ்ணமானி 2, 3 டிகிரி காட்டும்போதே புல்லின்மேல் பனி உறைந்துவிடக்கூடும். ஆதலால் கருவியை மட்டும் நம்பலாகாது.

உருளைக்கிழங்கு பயிரிடுவோர்க்குத் தம் நிலத்தில் எந்தப் பாத்தி முதலில் கருகும் என்பது நன்றாகத் தெரியும். அந்த அறிவே பூந்தோட்டத்துக்கும் போதும். பனிக்காலத்தில் நாலைந்து நாள் சூரியோதயத்துக்கு முன் நிலத்தைச் சுற்றிவந்து, வெளுத்த இடங்களில் முளை அடித்து வைத்தல் நலம். சரிவின் கீழ்ப்பக்கத்தில் அடர்ந்த வேலியோ கற்சுவரோ இருப்பின், குளிர்ந்த காற்று அணைபோட்டதுபோல் அங்கே தேங்கும். ஆங்காங்கே வழி திறந்துவிட வேண்டும். சரிவின் நடுப்பாகமும், வீட்டுச் சுவரின் ஓரமும் மென்மையான செடிகளுக்கு உகந்தவை.

இடம் தெரிந்தபின் செடி தேர்வது எளிது. பனி படியும் பாகங்களில் ரோஜா, பான்சி, அகபாந்தஸ் முதலியவற்றை வைக்கலாம். கமேலியாவும் தாங்கும், ஆனால் அதைக் கிழக்கு வெயில் நேராகப் படும் இடத்தில் நடுவது தவறு. உறைந்த மொட்டின்மேல் காலை வெயில் திடீரெனப் படுவதால் மொட்டு பழுத்து உதிரும். டாலியாவின் தண்டு முதற்பனியிலேயே கருகினாலும், மண்ணுக்குள் கிழங்கு பிழைத்து மீண்டும் தளிர்க்கும். பியூஷியாவும் பெரும்பாலும் அடியிலிருந்து துளிர்க்கும். தொட்டி ஜெரேனியத்தையோ இரவில் தாழ்வாரத்துக்குள் எடுத்துவைப்பதே உத்தமம். மலைக்கே சொந்தமான காட்டுப்பூவரசு என்னும் ரோடோடெண்ட்ரானை நம்மவர் ஏனோ மறந்துவிடுகின்றனர். சோலை மரங்கள் தலையெடுக்க முடியாத பனிப் புல்வெளியில் அது தன்னந்தனியே நின்று செந்நிறப் பூக்களைத் தருகிறது.

மலை மண் பெரும்பாலும் புளிப்புத்தன்மை உடையது. ஹைட்ரேஞ்சியா இங்கு நீலமாகப் பூப்பதற்கு, அத்தகைய மண்ணில் அலுமினியச் சத்து கரைந்து வேருக்குக் கிடைப்பதே காரணம். சுண்ணாம்பு இட்டால் நிறம் ரோஜாவர்ணமாக மாறும். ஆயினும் வர்ணத்தை மாற்றும் ஆசையில் பக்கத்திலுள்ள கமேலியா, அசேலியா இவற்றின் வேருக்குச் சுண்ணாம்பு போய்ச் சேர்ந்தால் அவற்றின் இலை மஞ்சளித்து நலியும்.

பராமரிப்பில் தவறுவது எருவிடும் காலத்தில்தான். மழை முடியுந் தறுவாயில் தழைச்சத்தை மிகுதியாக இட்டால் இளந்தளிர் பெருகி, அதுவே முதலிற் கருகும். செப்டம்பருக்குப்பின் தழை எருவை நிறுத்திவிடுக. பனி எதிர்பார்க்கும் நாளில் பிற்பகலிலேயே நீர் பாய்ச்சவும். ஈரமும் இறுக்கமும் உள்ள மண் பகலுஷ்ணத்தைச் சேர்த்துவைத்து இரவில் வெளிவிடும். உலர்ந்த சருகைப் பரப்பிய மண் அவ்வாறு செய்யாது. சருகு வேரைக் காக்கும் என்பது மெய்யே. ஆனால் அதன்மேல் நிற்கும் இளஞ்செடிக்குப் பனி மிகும்.

மாலையில் செடிகளை மூடிவைத்தல் பழைய வழக்கம். உதகைத் தாவரத் தோட்டத்தில் கோத்தகிரி மிலார் என்னும் செடியை வெட்டி வந்து நாற்றுகளின்மேல் கவிப்பதுண்டு. வைக்கோலும் சாக்கும் உதவும். மூடாக்கு இலையைத் தொடாதபடி குச்சி நட்டு, அதன்மேல் போட்டு, வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். கருகிய கிளைகளைப் பார்த்து மனம் பொறாமல் உடனே வெட்டுவோர் பலர். இது கூடாது. காய்ந்த இலை கீழேயுள்ள மொட்டுக்குப் போர்வையாகும். வெட்டினாலோ புதுத்தளிர் கிளம்பி அடுத்த பனிக்கு இரையாகும். பிப்ரவரி கழிந்தபின் கவாத்து செய்க. கோடைப் பூவுக்காக ரோஜாவை ஜனவரியில் கவாத்து செய்வோரும், பள்ளமான இடத்தில் சில வாரம் தாமதிப்பது நல்லது.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. பனியைப் பொருட்படுத்தாமல் மஞ்சளாகப் பூக்கும் கோர்ஸ், ஸ்காட்ச் புரூம் என்னும் இரு புதர்களும், தங்கள் ஊர் நினைவாக ஐரோப்பியர் கொணர்ந்தவை. இன்று அவை நீலகிரியின் மேய்ச்சற் புல்வெளிகளில் பரவி, கால்நடைக்குப் புல்லில்லாமற் செய்துவிட்டன. அவற்றின் விதை மண்ணுக்குள் பல்லாண்டு உயிரோடு கிடப்பதால், புதரை வெட்டினாலும் மீண்டும் முளைக்கும். உண்ணிச் செடியும் அழகுக்காகவே இந்நாட்டுக்கு வந்தது. தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்றுவது குறித்து 2022-ம் ஆண்டில் ஒரு கொள்கையை வெளியிட்டிருக்கிறது. யாரேனும் இவற்றை வேலிக்கென்று போத்தோ விதையோ கேட்டால் கொடாதிருப்பதும், பாதையோரத்தில் இளஞ்செடியாகக் கண்டால் பூப்பதற்கு முன்னரே வேரோடு பிடுங்கி எரிப்பதும் அவசியம்.