சிறிய இஞ்சின், சிக்கனச் செலவு: தினமும் ஓடும் ‘டிரிஃப்ட்’ காருக்குச் சஸ்பென்ஷன் அமைப்பது எப்படி?

பின்சக்கர இயக்கம் கொண்ட பழைய கார் ஒன்றை மலிவாக வாங்கி, வார நாளில் வேலைக்கும் வார இறுதியில் ‘டிரிஃப்ட்’ பயிற்சிக்கும் ஓட்ட வேண்டும் என்ற ஆசை நம் இளைஞர் பலருக்கு உண்டு. தோட்டத்திலும் தாமானிலும் வீட்டு வாசலில் பாதி கழற்றிய நிலையில் நிற்கும் பழைய கொரோலாக்களே அதற்குச் சாட்சி. பலர் முதல் சம்பளத்தைக் கொண்டுபோய் ஸ்பிரிங்கிலும் ரிம்மிலும் கொட்டுகிறார்கள். ஆறு மாதம் கழித்து, கார் டிரிஃப்டும் ஆகவில்லை, அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகவும் லாயக்கில்லை என்ற நிலையில் நிற்கிறார்கள்.

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். தினமும் ஓட வேண்டிய டிரிஃப்ட் கார் மத்தளத்தின் கதைதான். இரண்டு பக்க அடியையும் தாங்கும்படி அதன் சஸ்பென்ஷனை எப்படி அமைப்பது? நம் நாட்டில் பலரும் தொடங்கும் டொயோட்டா கொரோலா கேஇ70 காரையே எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம்.

குறைந்த சக்தி என்றால் என்ன பொருள்?

1980களில் நம் சாலைகளில் ஓடிய கேஇ70-இல் இருப்பது 1.3 லிட்டர் ‘4கே’ இஞ்சின். அதன் சக்தி சுமார் 70 குதிரைசக்தி. இன்றைய 1.0 லிட்டர் அக்சியாவின் சக்தியும் ஏறக்குறைய அவ்வளவுதான். காரின் எடை சுமார் 900 கிலோ.

டிரிஃப்ட் என்பது பின்டயர்கள் பிடிப்பை இழந்து சறுக்க, முன்டயர்களை எதிர்த்திசையில் திருப்பிக் காரைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு வளைவைக் கடப்பது. பெரிய டர்போ இஞ்சின் உள்ள கார் எண்ணெயை மிதித்தாலே பின்டயரைச் சுழற்றிவிடும். 70 குதிரைசக்திக்கு அந்தத் தெம்பு இல்லை. அது வேகத்தையும் எடை மாற்றத்தையும்தான் நம்ப வேண்டும். பிரேக்கை மிதித்தால் எடை முன்னால் போகும், பின்பக்கம் இலேசாகும். அந்த நொடியில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் பின்பக்கம் விலகும்.

எவ்வளவு எடை மாறும் என்பதை ஸ்பிரிங் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு ஆட்டத்தோடு மாறும் என்பதைத்தான் ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் தீர்மானிக்கின்றன. சக்தி குறைந்த காரில் இந்த எடை மாற்றமே உங்கள் ஆயுதம் என்பதால், சஸ்பென்ஷன் சொன்னபடி கேட்க வேண்டும்.

முதல் செலவு ரப்பருக்கு

நாற்பது வயதைத் தொட்ட காரில் முதலில் பார்க்க வேண்டியது புஷ், பால் ஜாயிண்ட், டை ராட் முனை, அப்சோர்பரின் மேல் மவுண்ட், வீல் பேரிங் ஆகியவை. இவை தேய்ந்திருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பிரிங் போட்டாலும் சக்கரம் தன் இஷ்டத்துக்குத்தான் திரும்பும்.

சோதிப்பது எளிது. காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். முன்சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது பேரிங். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது தெரிந்தால் டை ராட் அல்லது ஸ்டியரிங் இணைப்பு. பின்பக்கம் அச்சை உடலோடு இணைக்கும் நான்கு கம்பிகளின் புஷ்களையும், அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் குறுக்குக் கம்பியின் புஷ்களையும் பாருங்கள். வளைவில் பின்பக்கம் டக்கென்று ஒரு முறை இடித்து நகர்வதற்குப் பெரும்பாலும் இவைதான் காரணம்.

இந்த வேலை முடிந்தவுடனே கார் பாதி புதிதானதுபோல் ஓடும். சிலருக்கு அதுவே போதும் என்று தோன்றிவிடும்.

ஸ்பிரிங்: எண் சொல்லும் கணக்கு

கடையில் ‘5 கிலோ ஸ்பிரிங்’ என்றால், அது ஒரு மில்லிமீட்டர் அமுங்க 5 கிலோ எடை வேண்டும் என்று பொருள். பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரம் ஒன்றின்மேல் கூடுதலாக 80 கிலோ ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 கிலோ ஸ்பிரிங் 40 மில்லிமீட்டர் அமுங்கும். 5 கிலோ ஸ்பிரிங் 16 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். மூக்கு குத்துவது குறையும். ஸ்டியரிங்குக்குக் கார் உடனே பதில் சொல்லும்.

திடலில் மட்டும் ஓடும் இவ்வகைக் கார்களுக்கு முன்னால் 6 முதல் 8 கிலோ, பின்னால் 4 முதல் 6 கிலோ வரை போடுவது வழக்கம். தினமும் ஓடும் காருக்கு அது அதிகம். முன்னால் 4 அல்லது 5, பின்னால் 3 அல்லது 4 என்று தொடங்குவது நல்லது. பின்பக்கத்தை மிகவும் இறுக்கினால் குண்டும் குழியுமான சாலையில் பின் அச்சு துள்ளும். மழையில் கார் எதிர்பாராமல் சுழலும். பின்னிருக்கையில் மூன்று பேரும் பொருள்வண்டியில் அரிசி மூட்டையும் ஏறும் நாளையும் நினைத்துப் பாருங்கள்.

ஸ்பிரிங்கை மாற்றினால் அப்சோர்பரையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். ஸ்பிரிங் காரைத் தாங்குகிறது. அப்சோர்பர் அதன் துள்ளலை அடக்குகிறது. இறுக்கமான ஸ்பிரிங்கோடு தளர்ந்த அப்சோர்பர் சேர்ந்தால் டயர் தரையைவிட்டு எழும்பி எழும்பி ஓடும். பணம் குறைவு என்றால், பழைய ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு நல்ல அப்சோர்பர் போடுவதே மேல்.

ஸ்பிரிங்கை வெட்டலாமா?

வெட்டக் கூடாது. ஐம்பது வெள்ளியில் கார் தாழ்ந்துவிடும் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். வெட்டிய ஸ்பிரிங் நீளத்தில் குறைவு. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது அது தளர்ந்து, அமர்ந்திருந்த இடத்தைவிட்டு விலகக்கூடும். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் சக்கரம் தொங்காத நாள் உண்டா? நெருப்புக் காட்டித் தாழ்த்துவது இன்னும் மோசம். சூடு பட்ட இரும்பின் பதம் கெட்டு, பிறகு எப்போது உடையும் என்று சொல்ல முடியாது.

எவ்வளவு தாழ்த்துவது?

தாழ்ந்த கார் எல்லாம் நன்றாகத் திரும்பும் என்பது தவறான எண்ணம். கேஇ70-இன் முன்பக்கக் கீழ்க்கை, சக்கரத்தை நோக்கிச் சற்றே கீழே சாய்ந்தோ தரைக்கு இணையாகவோ இருக்க வேண்டும். அளவுக்கு மீறித் தாழ்த்தினால் அந்தக் கை மேல்நோக்கிச் சாயும். கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, உடல் தாழ்ந்ததைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடும். விளைவு: கார் தாழ்வாகத் தெரியும், ஆனால் வளைவில் முன்னைவிட அதிகம் சாயப் பார்க்கும். மேட்டில் ஏறி இறங்கும்போது ஸ்டியரிங்கும் தானாக இழுக்கும்.

30 முதல் 40 மில்லிமீட்டர் போதும். காரைத் தாழ்த்தினால் பின் அச்சும் பக்கவாட்டில் சற்று நகரும். நீளம் மாற்றக்கூடிய குறுக்குக் கம்பி போட்டு அதை நடுவுக்குக் கொண்டுவரலாம்.

அலைன்மென்ட்: செலவு குறைவு, பலன் அதிகம்

மூன்று அளவுகளைத் தெரிந்துகொண்டால் போதும். சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்வது நெகட்டிவ் கேம்பர். கார் சாயும்போது வெளிப்பக்க டயர் தரையில் முழுமையாகப் பதிய இது உதவும். திடலில் 3 டிகிரிக்கு மேலும் வைப்பார்கள். தினமும் ஓட்ட 1.5 முதல் 2 டிகிரி போதும். அதற்கு மேல் போனால் டயரின் உள்ஓரம் சீக்கிரம் தேய்ந்து, வெளியிலிருந்து பார்க்க நன்றாக இருக்கும்போதே கம்பி தெரியும்.

கேஸ்டர் என்பது ஸ்டியரிங் அச்சு பின்நோக்கிச் சாயும் அளவு. இது கூடினால், கார் சறுக்கும்போது ஸ்டியரிங் தானாகவே எதிர்த்திசைக்கு ஓடி வரும். 5 டிகிரிக்குப் பக்கமாகக் கொண்டுவர முடிந்தால் ஓட்டுநரின் கை வேலை பாதியாகும். மூன்றாவது டோ. முன்சக்கரங்கள் நேராக, அதாவது பூஜ்யத்தில் இருக்கட்டும். கேஇ70-இன் பின்பக்கம் ஒரே அச்சு என்பதால் அங்கே சரிசெய்ய எதுவும் இல்லை. அச்சு வளையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டியரிங் அதிகம் திரும்ப வேண்டும் என்று பாகங்களை வெட்டி ஒட்டும் வேலை இப்போது வேண்டாம். கோணம் கூடக் கூட வேகம் குறையும். அதை ஈடுகட்டச் சிறிய இஞ்சினிடம் சக்தி இல்லை.

டயரும் காற்றும்

நல்ல டயர் முன்னால், அதைவிடக் குறுகலானது பின்னால். உதாரணமாக, முன்னால் 185, பின்னால் 165 அகலம். பின்னால் அகலமான டயர் போட்டால் 70 குதிரைசக்தியால் அதைச் சறுக்க வைக்க முடியாது. குறுகல் வேறு, மொட்டை வேறு. பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயரோடு நம் ஊர் மழையில் விரைவுச்சாலை ஏறுவது உயிரோடு விளையாடுவது.

திடலில் பின்டயருக்கு 250 முதல் 270 கேபிஏ வரை காற்று ஏற்றினால் பிடிப்பு குறைந்து சறுக்குவது எளிதாகும். வீடு திரும்பும் முன், கார் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறக்கிவிடுங்கள். டிஃப்பரென்ஷியலை வெல்டிங் செய்வதும் மலிவான வழிதான். ஆனால் இரண்டு பின்சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழலுவதால் ஒவ்வொரு சந்திலும் டயர் அரைபடும், மழையில் கார் வழுக்கும். அம்மாவும் தங்கையும் ஏறும் காருக்கு அது ஏற்றதல்ல.

ஒரு தடவைக்கு ஒரே மாற்றம்

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதுங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பியும் மூக்கு நேராகவே போகிறதா? முதலில் பின்டயர் காற்றைச் சற்று ஏற்றிப் பாருங்கள். பிறகு முன் அப்சோர்பரை ஒரு படி தளர்த்துங்கள். பின்பக்கம் திடீரென்று அடித்துச் சுழல்கிறதா? பின்பக்க அப்சோர்பரைத் தளர்த்தி, காற்றைக் குறையுங்கள். பின்பக்கம் துள்ளுகிறதா? மீண்டும் புஷ்களைப் பாருங்கள். ஒரே நாளில் நான்கு மாற்றங்கள் செய்தால் எது பலன் தந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

எங்கே ஓட்டுவது?

பொதுச் சாலையில் அல்ல. தோட்டத்துச் சாலையில் பள்ளிப் பிள்ளைகள் நடக்கிறார்கள். தாமான் ரவுண்டபவுட்டில் மோட்டார் சைக்கிளில் இரவு வேலைக்குப் போகிறவர்கள் வருகிறார்கள். ஆபத்தாக வாகனம் ஓட்டுவோர்மீது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆவது பிரிவு பாயும். ஐந்தாண்டு வரை சிறை, 5,000 முதல் 15,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கப்படலாம். பந்தயத்தில் ஏற்பட்ட சேதத்துக்குக் காப்புறுதி பொதுவாகப் பணம் தராது. காரின் அமைப்பை மாற்றும் எந்த வேலைக்கும் முன் ஜேபிஜேயிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னாளில் பெயர் மாற்றும்போது நடக்கும் பரிசோதனையில் கார் நிராகரிக்கப்பட்டால் விற்கவும் முடியாது.

ஏற்பாட்டாளர்கள் முறையாக நடத்தும் ஜிம்கானா, டிரிஃப்ட் பயிற்சி நாள்களுக்குப் பணம் கட்டிப் போங்கள். தலைக்கவசம், இருக்கைவார், தீயணைப்பான் மூன்றும் கட்டாயம். திடலைவிட்டுக் கிளம்பும் முன் வீல் நட்டுகளை இறுக்குங்கள், பிரேக் எண்ணெயைப் பாருங்கள், டயரைத் தடவிப் பாருங்கள். திங்கள் காலை அதே காரில்தான் நீங்கள் வேலைக்குப் போகப் போகிறீர்கள்.